பல் கூச்சம்: சொல்லக் கூச்சப்பட வேண்டாம்



பல் கூச்சம் மனிதருக்குப் புதிதல்ல. புளிப்பானதைத் தின்றால் பல் கூசும் என்பதை மக்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். எரேமியா, எசேக்கியேல் ஆகிய இரு தீர்க்கதரிசன நூல்களிலும் அக்காலத்தில் வழங்கிவந்த ஒரு பழமொழி குறிப்பிடப்படுகிறது. முந்தின தலைமுறை செய்ததன் பலனைப் பிந்தின தலைமுறை அனுபவிப்பதைச் சொல்ல, அது பல் கூச்சத்தையே உவமையாக எடுத்துக்கொள்கிறது. விளக்கம் சொல்லாமலே எல்லோருக்கும் புரியும் அனுபவம் இது.

இவ்வளவு பழகிப்போன தொல்லை என்பதாலேயே பலர் இதை ஒரு நோயாக எண்ணுவதில்லை. ஐஸ் தண்ணீரை விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்கள். கூசும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கன்னம் வீங்கிய பிறகு மருத்துவமனைக்கு வரும் ஒருவரிடம், “இதற்குமுன் இந்தப் பல் உங்களுக்கு ஏதாவது தொந்தரவு கொடுத்ததா?” என்று கேட்டால், “கொஞ்ச நாளா கூசிக்கிட்டுத்தான் இருந்தது டாக்டர், அது சாதாரணந்தானேன்னு விட்டுட்டேன்” என்ற பதில் வருவதுண்டு.

நாங்கள் இக்கட்டுரையில் சொல்ல விரும்புவது ஒன்றே. கூச்சம் என்பது பல் நமக்கு அனுப்பும் அறிவிப்பு. அந்த அறிவிப்பை அடக்குவதற்கு முன்பு, அது எதைப் பற்றியது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காததால் இரண்டு விதமான இழப்புகள் நேரிடுகின்றன. சிலர் கடையில் கிடைக்கும் கூச்சப் பற்பசையை மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்க, அடியில் சொத்தை வேர்வரைக்கும் இறங்கிவிடுகிறது. வேறு சிலர் தொல்லை பொறுக்காமல், எளிதில் குணமாகக்கூடிய நல்ல பல்லையே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பல்லின் அமைப்பு

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியை எனாமல் என்கிறோம். மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். இதில் நரம்பு கிடையாது. எனவே இதற்கு வலி தெரியாது. உயிரணுக்களும் கிடையாது, எனவே தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

எனாமலுக்கு அடியில் டென்டின் என்னும் மஞ்சள் நிறப் பகுதி உள்ளது. பல்லின் பெரும்பகுதி இதுவே. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் இருக்கிறது.

டென்டின் கெட்டியான சுவர் போலத் தோன்றினாலும் உண்மையில் அது நுண்குழாய்களின் தொகுதி. ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில், அதாவது ஒரு கடுகின் முகத்தைவிடச் சிறிய இடத்தில், பல்லாயிரக்கணக்கான குழாய்கள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டரை பங்கு வரைதான். இக்குழாய்களில் திரவம் நிரம்பியிருக்கிறது. அவற்றின் உள்முனையில் நரம்பு நுனிகள் காத்திருக்கின்றன.

நல்ல பல்லில் இக்குழாய்களின் வெளிமுனைகள் மூடப்பட்டிருக்கும். மேலே எனாமல் மூடியிருக்கும். ஈறுக்குள் இருக்கும் வேரின் மேல் சிமென்டம் என்னும் மெல்லிய பூச்சும், அதன் மேல் ஈறும் மூடியிருக்கும். இந்த மூடி எங்கே விலகுகிறதோ அங்கே கூச்சம் தொடங்குகிறது.

சுரீரென்று இழுப்பது ஏன்?

குளிர்ந்த நீர் நேராகப் போய் நரம்பைத் தொடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1960-களில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் இதைத் தம் ஆய்வுகள் மூலம் விளக்கினார். திறந்த குழாயின் வாயில் குளிர்ச்சி பட்டால், உள்ளே இருக்கும் திரவம் சட்டென்று வெளிப்புறமாக நகர்கிறது. காற்று பட்டு உலர்ந்தாலும், சர்க்கரைப் பாகு போன்ற அடர்ந்த இனிப்பு பட்டாலும் அப்படியே நகர்கிறது. இந்த அசைவு உள்முனையில் இருக்கும் நரம்பு நுனியை இழுத்து அசைக்கிறது. அதுவே நமக்குச் சுரீர் என்ற வலியாகத் தெரிகிறது. சூடான பானத்தைவிடக் குளிர்ந்த பானம் அதிகமாகக் கூசச் செய்வதற்கும் இதுவே காரணம். வெப்பத்தில் திரவம் மெதுவாக, உள்நோக்கி நகர்கிறது. நரம்பு அதை அவ்வளவு கூர்மையாக உணர்வதில்லை.

1987-ல் வெளியான ஓர் ஆய்வில், கூசும் பற்களையும் கூசாத பற்களையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூசும் பல்லில் திறந்த குழாய்கள் சுமார் 8 மடங்கு அதிகமாக இருந்தன; அவற்றின் அகலமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. குழாயின் அகலம் இரண்டு மடங்கானால், அதில் ஓடக்கூடிய திரவம் 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஆகவே வாயில் துவாரம் ஒன்றும் தெரியாமலே ஒரு பல் இவ்வளவு வேதனை தருவது ஆச்சரியமல்ல. இப்படிப்பட்டவரைப் பார்த்து, “ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் நினைப்புதான்” என்று சொல்லி அனுப்புவது நியாயமும் அல்ல.

மூடி விலகும் விதம்

முதலாவது, தேய்க்கும் முறை. அழுத்தித் தேய்த்தால்தான் பல் சுத்தமாகும் என்பது நம்மிடையே ஆழமாகப் பதிந்த எண்ணம். கடினமான பிரஷ்ஷால் பக்கவாட்டில், மரத்தை அறுப்பதுபோல இழுத்துத் தேய்ப்பவர்களுக்கு ஈறு மெல்ல மெல்லக் கீழிறங்கி, பல்லின் கழுத்து வெளியே தெரியும். அங்கே எனாமல் ஏற்கெனவே மிக மெல்லியது. கோரைப்பல்லும் அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப்பற்களும் வளைவில் இருப்பதால் அதிகம் உரசப்படுகின்றன. கூச்சமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல், உப்பு, நறநறவென்ற பற்பொடி ஆகியவற்றால் தேய்ப்பவர்களுக்குத் தேய்மானம் இன்னும் விரைவாக ஏற்படும்.

இரண்டாவது, அமிலம். வாயிலுள்ள அமிலத்தை அளக்கும் பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. எலுமிச்சைச் சாற்றின் அளவு சுமார் 2. கோலா பானங்களின் அளவு சுமார் 2.5. புளி, மாங்காய், நெல்லிக்காய் எல்லாம் இந்த வரிசையில் சேர்ந்தவைதான். பல் வெள்ளையாக வேண்டும் என்று எலுமிச்சைத் தோலை உப்பில் தோய்த்துத் தேய்ப்பவர்கள், அமிலத்தையும் உரசலையும் ஒன்றாகச் சேர்த்துப் பல்லைத் தேய்க்கிறார்கள். வெளியிலிருந்து வரும் அமிலம் மட்டுமல்ல. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், கர்ப்பகாலத்தில் அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கும் வயிற்றிலிருந்து வரும் அமிலம் பல்லின் உட்புறத்தைக் கரைக்கும்.

மூன்றாவது, ஈறு நோய். பல்லில் படியும் அழுக்கு நாளடைவில் காரையாக இறுகி, ஈறையும் எலும்பையும் கீழே இறங்கச் செய்கிறது, வேர் வெளிப்படுகிறது. இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். “காரை எடுத்தால் பல் ஆடும், கூசும், அதனால் எடுக்க வேண்டாம்” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். காரையை எடுத்தபின் சில நாட்கள் கூச்சம் இருப்பது உண்மை. ஏனெனில் அதுவரை காரையால் மூடியிருந்த வேர் இப்போது காற்றையும் தண்ணீரையும் சந்திக்கிறது. ஆனால் எலும்பைக் கரைத்துப் பல்லை ஆட்டிவைத்தது காரையும் அதிலுள்ள கிருமிகளுமே. எடுத்த மருத்துவர் அல்ல.

நான்காவது, தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்பதும், பல்லாண்டுகள் பாக்கு மெல்லுவதும் கடைவாய்ப்பல்லின் மேல்பகுதியைத் தேய்த்துத் தட்டையாக்குகின்றன. பற்களை வெண்மையாக்கச் செய்யப்படும் ரசாயனச் சிகிச்சையாலும் கூச்சம் வருவதுண்டு; அது பெரும்பாலும் தற்காலிகமானது.

எல்லாக் கூச்சமும் ஒன்றல்ல

பல் மருத்துவர்கள் 1997 முதல் ஏற்றுக்கொண்டிருக்கும் வரையறை ஒன்று உண்டு. வெளிப்பட்ட டென்டினில் குளிர், சூடு, காற்று, தொடுதல், இனிப்பு, புளிப்பு போன்றவை படும்போது உண்டாகும் குறுகிய, கூர்மையான வலி. வேறு எந்தப் பல் நோயாலும் விளக்க முடியாத வலி. இதையே டென்டின் கூச்சம் என்கிறார்கள். கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். வேறு நோய் இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகே இந்தப் பெயரைச் சொல்லலாம். அதைப் பார்க்கும் வேலை மருத்துவருடையது. ஆனால் சில அடையாளங்களை எவரும் கவனிக்க முடியும்.

குளிர் பட்டதும் கூசி, தண்ணீரை விழுங்கிய சில விநாடிகளில் அடியோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் சாதாரணக் கூச்சம். நின்ற பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடித்தால் பற்கூழ் அழற்சி அடைந்திருக்கலாம். தூண்டுதல் ஏதும் இல்லாமல் தானாகவே வலிப்பதும், இரவில் படுத்ததும் தெறிப்பதும், சூடு பட்டால் வலி கூடுவதும் அபாய அறிகுறிகள். கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கக்கூடும். ஒரே ஒரு பல் மட்டும் கூசினால் சொத்தை, விரிசல், கசியும் அடைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். பல நாட்கள் கடுமையாக வலித்த பல் திடீரென்று தானாகவே அமைதியாகிவிட்டால், குணமாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பல்லின் நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும். அதன்பின் கிருமிகள் வேரின் நுனிக்குச் சென்று சீழ் பிடிக்கச் செய்யும்.

கேட்பதே சிகிச்சையின் தொடக்கம்

நோயாளிகளில் பலர் கூச்சத்தைத் தாமாகச் சொல்வதில்லை. “இதற்குப் போய் டாக்டருடைய நேரத்தை வீணாக்குவதா” என்ற தயக்கம் ஒருபுறம். “சொன்னால் பல்லைப் பிடுங்கச் சொல்வாரோ” என்ற பயம் மறுபுறம். ஆகவே மருத்துவர்தான் முந்திக்கொண்டு கேட்க வேண்டும். “பல் கூசுகிறதா?” என்று மட்டும் கேட்டால் “இல்லை” என்று முடிந்துவிடும். “அம்மா, பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது எப்படி இருக்கிறது? எந்தப் பக்கம் மெல்லுகிறீர்கள்? எதைக் கொண்டு பல் துலக்குகிறீர்கள்? நெஞ்செரிச்சல் உண்டா?” என்று அன்றாட வாழ்க்கையிலிருந்து கேட்டால் விவரங்கள் வெளிவரும். துலக்கும் விதத்தைச் சொல்லச் சொல்வதைவிட, கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துத் துலக்கிக் காட்டச் சொல்வது மேலானது. பிடிக்கும் பிடியிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

பிறகு பரிசோதனை. கூசும் பல்லைக் கண்டுபிடிக்க மருத்துவர் குழாயிலிருந்து மெல்லிய காற்றைப் பல்லின் மேல் செலுத்துவார். ஏற்கெனவே வேதனையில் இருப்பவருக்கு இது ஓர் அதிர்ச்சி. எனவே காற்றை விடுமுன் சொல்ல வேண்டும். பக்கத்துப் பற்களைப் பஞ்சால் மூட வேண்டும். “பொறுக்க முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுகிறேன்” என்று சொல்லி, கை உயர்ந்ததும் சொன்னபடி நிறுத்த வேண்டும். எவ்வளவு வலி என்று பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண்ணைச் சொல்லச் சொல்லி, எந்தப் பல்லுக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தால், அடுத்த முறை குறைந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இந்தப் பொறுமை வெறும் உபசாரம் அல்ல. கூச்ச மருந்துகளைப் பற்றி நடந்த ஆய்வுகளில், மருந்தே இல்லாத பசையைப் பெற்றவர்களிடமும் கணிசமான அளவு கூச்சம் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். ஒருவர் நம் வலியை நம்பிக் கேட்டு, கவனித்து, மீண்டும் வரச் சொல்வதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

சிகிச்சையின் படிகள்

முதற்படி, காரணத்தை நிறுத்துவது. மென்மையான பிரஷ், பேனாவைப் பிடிப்பதுபோல் விரல் நுனிப் பிடி, ஈறோரத்தில் சாய்வாக வைத்துச் சிறுசிறு அசைவுகள். புளிப்பான எதையாவது சாப்பிட்டாலோ வாந்தி எடுத்தாலோ உடனே துலக்கக் கூடாது. அமிலத்தால் மிருதுவான எனாமல் அப்போது எளிதில் தேய்ந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். வாந்திக்குப் பிறகு தண்ணீரில் சிறிது சமையல் சோடாவைக் கலந்து கொப்பளிப்பது நல்லது. புளிக்குழம்பையும் மாங்காயையும் கைவிட வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தோடு அவற்றை முடித்துக்கொண்டு, நாள் முழுவதும் கொறிக்காமலும் உறிஞ்சாமலும் இருந்தால் போதும்.

இரண்டாம் படி, கூச்சத்துக்கான பற்பசை. இவை இரண்டு வகையில் வேலை செய்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட் உள்ளவை நரம்பை மெல்ல மெல்ல அமைதிப்படுத்துகின்றன. ஸ்டானஸ் ஃப்ளூரைடு, ஸ்ட்ரான்சியம், அர்ஜினைன், கால்சியம் கலந்த கண்ணாடித்தூள் முதலியவை உள்ள பசைகள் குழாய்களின் வாயை அடைக்கின்றன. எதுவானாலும் தினமும் இருமுறை, இரண்டு முதல் நான்கு வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும். இரண்டு நாள் தேய்த்துவிட்டு “இது வேலை செய்யவில்லை” என்று நிறுத்திவிடுபவர்கள் பலர். துலக்கியபின் பசையைத் துப்பிவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் பலன் அதிகம். நான்கு வாரங்களுக்குப் பின்னும் குறையவில்லை என்றால் இன்னொரு பசை வாங்குவதல்ல, மருத்துவரைப் பார்ப்பதே வழி.

மூன்றாம் படி, மருத்துவமனையில் செய்வது. ஃப்ளூரைடு வார்னிஷை மெல்லிய தூரிகையால் பல்லின் கழுத்தில் பூசுவார்கள். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், வலியும் இல்லை. கழுத்தில் பள்ளமே விழுந்திருந்தால் அதை அடைக்கலாம். இதற்குப் பயன்படும் கிளாஸ் அயனோமர் என்னும் பொருளை இங்கிலாந்தில் வில்சன், கென்ட் ஆகிய இருவர் உருவாக்கி 1972-ல் அறிவித்தார்கள். அது பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஃப்ளூரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். ஈறு மிகவும் இறங்கியிருந்தால், மேலண்ணத்திலிருந்து சிறிது திசுவை எடுத்து ஒட்டும் சிகிச்சையும் உண்டு.

இவை எதிலும் தீராதபோது, அரிதாக, வேர் சிகிச்சை தேவைப்படலாம். வெறும் கூச்சத்துக்காகப் பல்லைப் பிடுங்குவது சிகிச்சை ஆகாது. ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மெல்லும் பலம் குறையும். பல்லைக் காப்பாற்ற ஒரு மென்மையான பிரஷ்ஷும் ஒரு குழல் பசையும் போதுமானதாக இருந்திருக்கும் என்றால், அந்த இழப்பு எவ்வளவு வீணானது!

வீட்டில் ஒரு கேள்வி

கூச்சத்தைக் கவனிக்காமல் விடுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. கூசும் இடத்தைத் துலக்க பயம். துலக்காத இடத்தில் அழுக்கு சேரும். அழுக்கினால் ஈறு வீங்கி இன்னும் இறங்கும். ஈறு இறங்க இறங்க வேர் இன்னும் வெளிப்பட்டுக் கூச்சம் அதிகமாகும். இந்தச் சுழலை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு பற்கள் மிஞ்சும்.

அன்பு நண்பர்களே, இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பச்சைத் தண்ணீர் குடித்தால் எந்தப் பல்லாவது கூசுகிறதா?” வயதானால் இப்படித்தான் என்று அவர்கள் பேசாமல் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆம் என்றால், எவ்வளவு நாளாக, எந்தப் பல், எத்தனை நேரம் என்று குறித்துக்கொண்டு அருகிலுள்ள பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளியலறையில் இருக்கும் பிரஷ்ஷையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதன் நார்கள் விரிந்து மடங்கியிருந்தால் மாற்றிக் கொடுங்கள். மென்மையானதாகப் பார்த்து வாங்குங்கள்.



பல் மருத்துவப் பிரிவினர்